பிஸ்தா பச்சை வீடு

இலத்தூர்
5 ஜூன் 2025

அத்தைக்கு,

ஜெயபிரியா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், என் முகம் ஒன்றைத் தவிர.

உங்களுக்குப் போன் அடித்து அடித்து என் விரல் ஓய்ந்துவிட்டது. நீங்கள் எடுக்கவே இல்லை. உங்கள் மகன்தான் வழி சொன்னார். "எங்க அம்மாட்ட போன்ல பேசி ஜெயிச்சவன் கிடையாது. அப்பா பட்டாளத்துல இருந்த காலம் பூரா லெட்டர்லயே குடும்பம் நடத்துனவ. எழுதிப் போடு, கண்டிப்பா பதில் வரும்" என்றார். எனக்கு அது போதும். நான் இலத்தூர் அஞ்சலகத்தில் வேலை பார்க்கிறவள். என் கடிதத்துக்கு நானே தபால்தலை ஒட்டி, நானே முத்திரை குத்தி அனுப்புகிறேன். இந்தச் சந்தோஷம் வேறு எந்தக் கல்யாணப் பெண்ணுக்குக் கிடைக்கும்!

போன வெள்ளிக்கிழமை உங்கள் புதுவீட்டுப் பால்காய்ப்பு. நிச்சயம் முடிந்த மருமகள்தான் பால் பானையோடு முதலில் உள்ளே வரவேண்டும் என்று பிடிவாதமாகக் கூப்பிட்டீர்கள். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? உள்ளே நுழைந்தால் சுவரெல்லாம் பிஸ்தா பச்சை. அடித்து ஒரு வாரம்கூட ஆகாத புதுப் பெயிண்ட் அப்படி மினுங்கியது. பால் பொங்குகிற வரைக்கும் நன்றாகத்தான் இருந்தேன். பந்தி போடுவதற்குள் கண்ணிமை அரித்தது, முகம் சிவந்தது. மறுநாள் காலையில் இரண்டு கண்ணையும் திறக்க முடியவில்லை.

அத்தை, எனக்கு இது புதிதில்லை. ஒரு வருஷமாக அப்பப்போ வரும். காதுக்குப் பின்னால் தடிக்கும், வலது கை விரல் நுனியெல்லாம் வெடிக்கும். காட்டிய டாக்டர்கள் எல்லாம் அலர்ஜி என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். எதனால் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் நீங்கள் மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். உங்கள் வீட்டுக்கும் என் முகத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன்.

தயவுசெய்து பதில் போடுங்கள்.

ஜெயபிரியா


வீரகேரளம்புதூர்
11.6.2025

ஜெயபிரியாவுக்கு ஆவுடைத்தாய் எழுதிக்கொண்டது.

கடிதம் கிடைத்தது. எழுத்து குண்டு குண்டாக நன்றாக இருக்கிறது. அதற்காக என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

முகம் வீங்கியது உன் குற்றமில்லை. ஆனால் உன் அம்மா செய்தது? இலை போட்டு முடிந்த நேரத்தில், "இந்த வீட்டுக்குள்ள நிக்க முடியல, மூச்சு முட்டுது" என்று அத்தனை சொந்தக்காரர்கள் முன்னாலும் சொல்லிவிட்டு உன்னை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாளே. என் மகன் பனிக்குள் நின்று சம்பாதித்துக் கட்டிய வீடு. அந்த நிறத்தைக்கூட அவன்தான் வீடியோவில் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தான்.

நீங்கள் போனதும் என் நாத்தனார் அகிலாண்டேஸ்வரி நடுவீட்டில் நின்று கேட்டாள். "பால் பொங்குத வீட்டுல பொண்ணு மூஞ்சியும்லா பொங்குது. வீடு இவளுக்கு ஆகலயா, இவ வீட்டுக்கு ஆகலயா?" அன்றிலிருந்து ஊரில் இதே பேச்சு. ஒரு வருஷமாக இருக்கிறது என்று இப்போது எழுதுகிறாயே, இதை நிச்சயத்துக்கு முன்னால் சொல்வதற்கு என்ன?

சாரல் ஆரம்பித்துவிட்டது. குற்றாலத்துக்குப் போ. அருவித் தண்ணீர் மூலிகையெல்லாம் அரித்துக்கொண்டு வருகிறது. நாள்தோறும் குளி. ஆடி பிறப்பதற்குள் முகம் தெளிந்தால் ஆவணியில் கல்யாணம். இல்லையென்றால் அகிலாண்டம் சொல்வதற்கு நான் காது கொடுக்க வேண்டிவரும். அவள் ஜாதகத்தை மறுபடி பார்க்கச் சொல்கிறாள்.

ஆவுடைத்தாய்


குற்றாலம்
29 ஜூன் 2025

அத்தை! அத்தை! அத்தை!

போய்விட்டது! எல்லாம் போய்விட்டது! கண்ணாடி முன்னால் நின்றுகொண்டுதான் இதை எழுதுகிறேன். இமையில் தடிப்பு இல்லை. காதுக்குப் பின்னால் அரிப்பு இல்லை. விரல் வெடிப்புகூட ஆறிவிட்டது. என் முகம் இப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

நீங்கள் சொன்னபடியே லீவு போட்டுவிட்டு அம்மாவோடு வந்தேன். சித்தப்பா சிவனணைந்தபெருமாள் இங்கே ஒரு லாட்ஜில் மேனேஜர். சீசன் கூட்டத்தில் இடமே இல்லை; சாமான் போடுகிற அறையை ஒழித்துக் கொடுத்தார். காலையில் பேரருவி, சாயங்காலம் ஐந்தருவி. வரிசையில் நிற்கும்போதே சாரல் பாதி குளிப்பாட்டிவிடும். மீதியை அருவி பார்த்துக்கொள்ளும். முதுகில் யாரோ உரலைத் தூக்கிப் போட்ட மாதிரி இருக்கும், ஆனாலும் வெளியே வர மனசே வராது.

முதல் நாள் ஒரு கூத்து. அம்மா சேலை முந்தியில் ஷாம்பு பாக்கெட் ஒளித்துக்கொண்டு வந்திருக்கிறாள். அருவியடியில் அதைப் பல்லால் கடித்துக் கிழித்ததும் பெண் போலீஸ் விசில் ஊதினார். "யக்கா, சோப்பு, சாம்பு, எண்ணெய் ஒண்ணும் இங்கன ஆகாதுன்னு அவ்வளவு பெரிய போர்டு போட்டிருக்கே, பாக்கலியா?" என்று பாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டார். அம்மா அன்று முழுவதும் யாரோடும் பேசவில்லை. அப்புறம் நாங்கள் ஊர் திரும்பும்வரை வெறும் தண்ணீர்தான் என்று முடிவு செய்துவிட்டோம்.

இன்று சித்தி கேட்டாள், "ஏட்டி, மூஞ்சிக்கு என்ன கிரீம் போடுத?" என்று. "தண்ணி" என்றேன். நம்பவில்லை!

நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள் அத்தை. ஆவணிக்குத் தேதி பாருங்கள். வெட்கத்தை விட்டு நானே கேட்கிறேன்.

ஜெயபிரியா


வீரகேரளம்புதூர்
4.7.2025

மருமகளுக்கு,

கடிதத்தை உன் மாமாவிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினேன். அவர் பட்டாளத்தில் பழகிய மனுஷன், எதற்கும் அசையமாட்டார். அவரே சிரித்தார்.

நான் அப்போதே சொன்னேன் அல்லவா? அகிலாண்டம் வீட்டுக்கு நேராகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். "அருவி தெளிய வச்சிட்டு. இனி ஜாதகம் கீதகம்னு யாரும் வாய் தொறக்கப்படாது" என்றேன். ஆவணியில் தேதியும் பார்த்தாகிவிட்டது. என் மகன் பேச்சிராஜுக்குப் பட்டாளத்தில் அப்போதுதான் லீவு கிடைக்கும். அதை விட்டால் அடுத்து எப்போது என்று அவனுக்கே தெரியாது.

தாலி கட்டிய கையோடு நீ வந்து நம் புதுவீட்டில் விளக்கேற்ற வேண்டும். அகிலாண்டம் கிட்டத்தில் நின்று பார்க்கவேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

உன் அம்மாவை நான் கேட்டதாகச் சொல். ஷாம்பு சங்கதியைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தேன் என்றும் சொல்.

ஆவுடைத்தாய்


இலத்தூர்
16 ஜூலை 2025

அத்தைக்கு,

இதை எழுதும்போது பயம் பாதி, பரபரப்பு பாதி. முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

ஊருக்கு வந்ததும் திருப்தியாக ஷாம்பு போட்டுத் தலைக்குக் குளித்தேன். இரண்டே நாளில் எல்லாம் திரும்பிவிட்டது. இமை, காது, கழுத்து எல்லாம். ஒரு சாயங்காலம் முழுவதும் அழுதேன். அழுது முடித்து முகம் கழுவும்போதுதான் அந்தப் பெண் போலீஸ் ஞாபகம் வந்தது. அருவியில் என்ன இருக்கிறது என்றுதானே நாம் எல்லோரும் யோசித்தோம்? அங்கே என்ன இல்லை என்று யோசிக்கவே இல்லையே! சோப்பு இல்லை, ஷாம்பு இல்லை. அருவி எனக்கு ஒன்றும் கொடுக்கவில்லை அத்தை, என்னை எதனிடமிருந்தோ காப்பாற்றியிருக்கிறது!

மறுநாளே திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினேன். தோல் டாக்டரம்மா என் முதுகில் தபால்தலை ஒட்டுகிற மாதிரி வரிசையாகச் சின்னச் சின்ன மருந்துப் பட்டைகளை ஒட்டினார். அதை எடுக்கும்வரை குளிக்கவே கூடாது. பட்டையை எடுத்துப் பார்த்தால், எல்லாக் கட்டமும் சும்மா இருக்க, ஒரே ஒரு கட்டம் மட்டும் சிவந்து தடித்திருந்தது. அகப்பட்டுவிட்டது! அதன் பேர் மெத்தில் ஐசோதயசோலினோன். தண்ணீர் கலந்த சாமான்கள் கெட்டுப்போகாமல் இருக்கப் போடுகிற மருந்தாம். நான் 'மெத்தில் மதினி' என்று பேர் வைத்திருக்கிறேன். நாம் போகிற வீட்டுக்கெல்லாம் கூப்பிடாமலேயே முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறாள். ஷாம்பு, பாத்திரம் கழுவுகிற திரவம், முகம் துடைக்கிற ஈரத்தாள், அஞ்சலகத்தில் நான் தினமும் விரலால் தொட்டு ஒட்டுகிற பசை. என் விரல் வெடித்தது ஏன் என்று இப்போதுதான் புரிந்தது.

இது ஒட்டுவாரொட்டி இல்லை. பிள்ளைகளுக்கு வருகிற நோயும் இல்லை. ஆனால் என்னை விட்டுப் போகவும் செய்யாது. அவளைத் தொடாமல் இருந்தால் எனக்கு ஒன்றுமே வராது. சீயக்காய் போட்டுக்கொள்ளலாம், கட்டிச் சோப்பைக்கூடப் பின்னால் எழுதியிருப்பதைப் படித்துத்தான் வாங்க வேண்டும். கடைக்காரர் இப்போதே என்னைக் கண்டால் பூதக்கண்ணாடியை எடுத்து நீட்டுகிறார்.

இனிமேல்தான் சொல்லக் கஷ்டமான விஷயம். டாக்டரம்மா ஒரு கேள்வி கேட்டார். "முகம் ரொம்ப வீங்கினதுக்கு முன்னால, புதுசா பெயிண்ட் அடிச்ச வீட்டுக்குள்ள போனீங்களா?" என்று. சுவருக்கு அடிக்கிற பெயிண்டிலும் அவள் இருக்கிறாளாம். காய்ந்த பிறகும் பல வாரம், சில நேரம் பல மாதம்கூடக் காற்றில் வந்துகொண்டே இருப்பாளாம்.

வீட்டுக்கும் என் முகத்துக்கும் சம்பந்தமில்லை என்று உங்களுக்குச் சத்தியம் செய்தேன். அது பொய்யாகிவிட்டது. ஆவணியில் நான் எப்படி அத்தை அந்த வீட்டுக்குள் வந்து விளக்கேற்றுவேன்? தை மாதத்துக்குத் தள்ளிப் போட்டால் என்ன?

ஜெயபிரியா


வீரகேரளம்புதூர்
22.7.2025

ஜெயபிரியாவுக்கு,

முதலில் நோய் என்றாய். பிறகு அருவியில் தீர்ந்தது என்றாய். இப்போது என் மகன் வீட்டுச் சுவர்தான் விஷம் என்கிறாய். நான் அகிலாண்டத்திடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு போய் நிற்பேன்?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வீடு முழுவதும் சுவர் சுவராக மோந்து பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை. நானும் உன் மாமாவும் இந்த வீட்டில்தான் படுத்து எழுந்திருக்கிறோம். எங்களுக்கு ஒன்றும் செய்யாதது உன்னை மட்டும் என்ன செய்யும்?

தை வரைக்கும் பட்டாளம் காத்துக்கொண்டு இருக்காது. வர இஷ்டமில்லை என்றால் நேராகச் சொல். பெயிண்டைச் சாக்குச் சொல்லாதே.

ஆவுடைத்தாய்


இலத்தூர்
25 ஜூலை 2025

அத்தைக்கு,

வர இஷ்டமில்லையா? எனக்கா? நான் இங்கே சீயக்காய் அரைத்து வைத்துக்கொண்டு நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன், நீங்கள் இப்படி எழுதுகிறீர்கள். எனக்கும் கோபம் வரும் அத்தை.

நேற்று உங்கள் மகன் போனில் பேசினார். "நான் வாடகைக்கு ஒரு பழைய வீடு பாக்கேன். நாம அங்கன இருந்துக்கிடுவோம்" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கட்டிய வீட்டைப் பூட்டிவிட்டு வாடகை வீட்டில் விளக்கேற்றினால் உங்கள் மனசு என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியாதா? உங்கள் கொல்லையில் கொட்டகை போட்டுக் கொடுத்தாலும் இருப்பேன். எனக்கு வேண்டியது அந்த வீட்டு மனுஷர்கள்தான்.

அந்த நீளமான பேரைத் தனித்தாளில் கொட்டை எழுத்தில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நீங்கள் என்னை நம்ப வேண்டாம், யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் ஜெயபிரியா (கோபத்தோடுதான்)


வீரகேரளம்புதூர்
6.8.2025

ஏட்டி ஜெயபிரியா,

கேட்டேன். யாரிடம் கேட்டேன் தெரியுமா? பெயிண்ட் கம்பெனியிலேயே கேட்டேன்.

பெயிண்டர் அப்துல் மஜீதைக் கூப்பிட்டுக் காலி டப்பாவைக் கொண்டுவரச் சொன்னேன். அதில் ஒரு போன் நம்பர் போட்டிருந்தது. அடித்தேன். ஒரு பிள்ளை எடுத்து, வணக்கம் சொல்லி, ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்றது. நான் எதையும் அமுக்கவில்லை. நீ எழுதிய பேரை எழுத்துக்கூட்டிப் படித்து, "இது உங்க பெயிண்டுல இருக்கா இல்லியா, ஒரே பேச்சுல சொல்லு" என்றேன். அது இன்னொருத்தரிடம் கொடுத்தது. அவர் இன்னொருத்தரிடம் கொடுத்தார். விடவில்லை. கடைசியில் வந்த தம்பி, "இருக்கும்மா, பெயிண்ட் கெட்டுப்போகாம இருக்கச் சேர்க்கிறோம். எல்லாருக்கும் ஒண்ணும் செய்யாது, சிலருக்குத்தான் ஒத்துக்காது" என்றான். "அந்தச் சிலருல ஒருத்திதான் எம் மருமவ" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

உன் அம்மா அன்றைக்கு மூச்சு முட்டுது என்று சொன்னது மெய்தான். எனக்குத்தான் அது வசவாகக் கேட்டது.

கொட்டகையும் வேண்டாம், வாடகை வீடும் வேண்டாம். பெயிண்டைச் சுரண்டுகிறோம். ஆமாம், வீடு முழுவதும். மஜீது தலையில் கையை வைத்துக்கொண்டான். "ஆச்சி, புதுப் பெயிண்டை யாராவது சுரண்டுவாவளா?" என்று கேட்டான். உன் மாமா தகடு ஒன்றை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறிவிட்டார். ஆடி மாதத்தில் வீட்டு வேலை தொடங்கக் கூடாது என்று அகிலாண்டம் வாசலில் நின்று கத்தினாள். தூசி பட்டதும் போய்விட்டாள்.

சுரண்டி முடித்ததும் சுண்ணாம்புதான். கல்யாண வீட்டுக்கு வெள்ளையடிப்பது புதிதா என்ன? சுண்ணாம்பு உனக்கு ஆகுமா என்று டாக்டரம்மாவைக் கேட்டு உடனே எழுது. அதுவரைக்கும் இந்தப் பக்கம் தலைகாட்டாதே. தூசி பறக்கிறது.

ஆவுடைத்தாய்


இலத்தூர்
11 ஆகஸ்ட் 2025
விரைவுத் தபால்

அத்தை,

உங்கள் கடிதத்தை அஞ்சலகத்திலேயே பிரித்துப் படித்துவிட்டுச் சத்தமாக அழுதேன். பென்ஷன் வாங்க வந்தவர்கள் யாரோ செத்துவிட்டார்கள் என்று பயந்துபோனார்கள்!

டாக்டரம்மாவைக் கேட்டுவிட்டேன். சிரித்துவிட்டு, "தாராளமாக அடிக்கலாம். சுண்ணாம்பு தன் காரத்தாலேயே கெடாமல் இருக்கும், அதில் அந்த மருந்து சேர்ப்பதில்லை" என்றார். சரி என்று துள்ளிக்கொண்டு வந்து சீட்டில் உட்கார்ந்து தபால்தலையை எடுத்தேன். எதிரே பசைப் புட்டி. தபால்தலையைக் கீழே வைத்துவிட்டேன்.

அத்தை, இப்போது வெள்ளையடிக்கிறவர்கள் கையில் ஒட்டாமல் இருக்கச் சுண்ணாம்பில் வெள்ளைப் பசை கலக்கிறார்கள் அல்லவா? கலக்க வேண்டாம்! கலக்கவே வேண்டாம்! மெத்தில் மதினி அதற்குள்ளும் உட்கார்ந்திருப்பாள். பாட்டிலில் வருகிற நீலமும் எதற்கும் வேண்டாம். அத்தனையும் சுரண்டிவிட்டு அவளை மறுபடி நாமே கூட்டிவந்து சுவரில் பூசின மாதிரி ஆகிவிடும்.

சுரண்டுகிற தூசிக்குப் பயந்து போனை அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறீர்களாமே, உங்கள் மகன் சொன்னார். அதனால்தான் விரைவுத் தபால். உங்கள் கையிலேயே கொடுக்கச் சொல்லி அந்த ஊர் தபால்காரரிடம் பேசிவிட்டேன். வேலை தொடங்கியிருந்தால் நிறுத்துங்கள்!

ஜெயபிரியா


வீரகேரளம்புதூர்
13.8.2025

மருமகளுக்கு,

தபால்காரர் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். நான் என்னமோ ஏதோ என்று பதறிவிட்டேன். நல்ல நேரத்தில் வந்தாய். மஜீது முதல் வாளியில் பசையை ஊற்றிக் கலக்கிக்கொண்டிருந்தான். வாளியைத் தெருவுக்குத் தள்ளிக் கவிழ்க்கச் சொன்னேன். "பசை இல்லாட்டி சாயுத ஆளு முதுகுல எல்லாம் ஒட்டுமே ஆச்சி, எம் பேரு கெட்டுப்போவுமே" என்றான். "ஒட்டட்டும்" என்றேன். அந்தக் காலத்தில் அரிசிக் கஞ்சி கலப்பார்களே, அதையே காய்ச்சிக் கொடுத்திருக்கிறேன். புதுவாளியில் கலக்கிறான்.

கேள், அரிசிப் பானையிலிருந்து போனை எடுத்ததும் பேச்சிராஜ் வீடியோவில் வந்தான். சுரண்டிய சுவரைப் பார்த்து, "யம்மா, என் பிஸ்தா பச்சை எங்க?" என்று கேட்டான். "உம் பொண்டாட்டி வேணுமா, பிஸ்தா வேணுமா?" என்றேன். அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வெளிவாசல் இரும்புக் கேட்டுக்கு மட்டும் பிஸ்தா பச்சையில் எண்ணெய்ப் பெயிண்ட் அடிக்கலாமா? டாக்டரம்மாவைக் கேட்டு எழுது. அவர் வேண்டாம் என்றால் துருப்பிடித்துக் கிடக்கட்டும்.

ஆவுடைத்தாய்


வீரகேரளம்புதூர்
8.9.2025

மறுவீட்டுக்குப் போயிருக்கும் மருமகளுக்கு,

நாலு நாளில் வரப்போகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று உன் மாமா கேட்கிறார். எனக்கு எழுத ஆசையாக இருக்கிறது, எழுதுகிறேன்.

கல்யாணத்துக்கு வந்தவர்கள் ஒருத்தர் முதுகும் தப்பவில்லை. உன் சித்தப்பாவின் கறுப்புச் சட்டையைப் பார்த்தாயா? அகிலாண்டம் அரக்குப் பட்டுக் கட்டிக்கொண்டு நடுவீட்டுச் சுவரில் நன்றாகச் சாய்ந்துகொண்டிருந்தாள். எழுந்தபோது முதுகு பூரா வெள்ளை. "என்ன மதினி, இந்தக் காலத்துல போயி சுண்ணாம்பு அடிச்சிருக்கிய?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். இதற்காகத்தானே நான் மூன்று மாதமாகக் காத்துக்கிடந்தேன்? "வீடு பொண்ணுக்கு ஆகலயா, பொண்ணு வீட்டுக்கு ஆகலயான்னு கேட்டியே. ரெண்டும் இல்ல. இந்த வீட்டுக்கு ஆகாதது அந்தப் பெயிண்டு. தூக்கிப் போட்டாச்சு" என்றேன். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்குச் சாப்பிடாமல் போனவளுக்கு நானே பக்கத்தில் நின்று பரிமாறினேன்.

டாக்டரம்மா சரி என்ற பிஸ்தா பச்சைக் கேட்டைத் தாண்டி நீ உள்ளே வந்து விளக்கேற்றினாய். எல்லோரும் விளக்கைப் பார்த்தார்கள். நான் உன் கண்ணிமையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வாய் பேசிவிட்டேனே தவிர, உள்ளுக்குள் எனக்கு அவ்வளவு பயம். அன்றைக்கும் பந்தி நேரத்தில்தானே ஆரம்பித்தது. பந்தி முடிந்தது, ஒன்றும் இல்லை. சாயங்காலம் ஆனது, ஒன்றும் இல்லை. அப்படியும் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

மறுநாள் காலையில் நீ அடுக்களைக்கு வந்து, "அத்தை, காப்பித்தூள் எங்கன இருக்கு?" என்று கேட்டாய். நான் உன் தாடையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினேன். "என்னத்த பாக்குதிய?" என்றாய். "பொட்டு கோணலா இருக்கு" என்றேன்.

பொட்டு நேராகத்தான் இருந்தது.

சீக்கிரம் வா. அடுக்களைச் சுவரில் நீ சாய்ந்த இடத்தில் சுண்ணாம்பு உதிர்ந்திருக்கிறது. மஜீதைக் கூப்பிடவில்லை. கஞ்சி காய்ச்சி வைக்கிறேன், நாம் இரண்டு பேருமே அடித்துவிடலாம்.

உன் அத்தை
ஆவுடைத்தாய்